எம்ஓயூ கடைசியில் போடலாம்: அரசுக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஊர்த் தொடர்பு வழிகாட்டி

அரசுக் கல்லூரியிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஒரு சுற்றறிக்கை மேசைக்கு வரும். துறைக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் (எம்ஓயூ), ஊர் மக்களோடு சேர்ந்து செய்யும் ஒரு விரிவாக்கப் பணி, படங்களோடு அறிக்கை, எல்லாம் மாத இறுதிக்குள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றால் இன்னும் சீக்கிரம் வரும். நாக் இதுவரை பின்பற்றிவந்த ஏழு அளவுகோல்களில் மூன்றாவது, ஆராய்ச்சியோடு விரிவாக்கப் பணியையும் பிற அமைப்புகளோடு சேர்ந்து செய்தவற்றையும் பார்க்கிறது. அதனால் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியின் ஒருங்கிணைப்பாளர் அவசரப்படுத்துவதில் தப்பில்லை. ஆனால் அந்த அவசரத்தில் பலரும் செய்வது, தெரிந்த தொண்டு நிறுவனம் ஒன்றைப் பிடித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, சால்வை போர்த்தி, படம் எடுத்து ஃபைலில் வைப்பது. அடுத்த வருடம் அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்கூட யாரிடமும் இருக்காது.

இங்கே சொல்லும் வரிசை வேறு. முதலில் ஆட்கள், அப்புறம் ஒரு சின்ன வேலை, அது முடிந்த பிறகு தாள்.

காம்பவுண்டுக்குள் இருந்து தொடங்குங்கள்

ஊருக்குள் போவதற்கு முன் கல்லூரிக்குள்ளேயே சிலரைப் பார்க்க வேண்டும். முதல் ஆள், நாட்டு நலப்பணித் திட்ட (என்எஸ்எஸ்) அலுவலர். என்எஸ்எஸ் 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்று அது இல்லாத அரசுக் கல்லூரியைக் காண்பது அரிது. ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. ஆகவே உங்கள் கல்லூரிக்கு ஏற்கெனவே தத்தெடுத்த கிராமம் ஒன்று இருக்கும். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரி என்றால் குறைந்தது ஐந்து கிராமங்களின் பட்டியலும் இருக்கும். அந்தத் திட்டம் 2014-இல் தொடங்கியது. தேசிய அளவில் தில்லி ஐஐடி ஒருங்கிணைக்கிறது.

புதிய ஊரைத் தேடிப் போகாதீர்கள். இருக்கும் பட்டியலை எடுத்து, திட்ட அலுவலரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அந்த ஊரில் கடைசியாக என்ன செய்தோம்? அங்கே யாரிடம் பேசினோம்? முதல் கேள்விக்கு ஃபைல் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் வரவில்லை என்றால், நீங்கள் செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

இரண்டாவது ஆள், அலுவலகக் கண்காணிப்பாளர். இளம் ஆசிரியர்கள் பலர் இவரைக் கடைசியில்தான் போய்ப் பார்க்கிறார்கள்; அதுவும் ஃபைல் நின்றுபோன பிறகு. எந்தக் கடிதம் யார் வழியாகப் போக வேண்டும், மாணவர்களை வெளியே அழைத்துப்போக யார் அனுமதி வேண்டும், ஓடி (வெளியே போனதைப் பணியாகக் கணக்கிடும் அனுமதி) யார் கையெழுத்தில் வரும், பஸ்ஸுக்கு டீசல் எந்தக் கணக்கில் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். யாருடைய பெயரில் ஒப்பந்தம் போடலாம் என்பதையும் இப்போதே கேட்டுவையுங்கள். பொதுவாகப் பல்கலைக்கழகத்தில் பதிவாளர், அரசுக் கல்லூரியில் முதல்வர் கையெழுத்திட வேண்டும். துறைத் தலைவர் தானாகவே நிறுவனத்தின் பெயரில் கையெழுத்திட்டால் பின்னால் தணிக்கையில் கேள்வி வரும்.

நூலகர், ஆய்வக உதவியாளர், பல வருடமாக அதே வளாகத்தில் இருக்கும் ஓட்டுநர் ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள். எந்த ஊரில் யார் நல்லவர், எந்த ஊரில் போன முறை என்ன தகராறு என்பது அறிக்கையில் இருக்காது, ஓட்டுநருக்குத் தெரியும்.

உங்கள் வகுப்பிலேயே ஊர் உட்கார்ந்திருக்கிறது

அரசுக் கல்லூரிக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான். தனியார் பல்கலைக்கழகம் கிராமத்துக்குப் போக வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மாலை நாலரை மணி டவுன் பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு வகுப்பில் எந்தெந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னால், சுற்று வட்டாரத்தில் பாதி ஊராட்சிகள் அதில் வந்துவிடும். பழைய மாணவர்களையும் சேருங்கள். ஊராட்சிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், வங்கி முகவர் என்று அதே கல்லூரியில் படித்தவர்கள் எங்கும் இருப்பார்கள். "சார், நானும் அங்கேதான் படிச்சேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாதி அறிமுகம் முடிந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உள்ளூர் மாணவரை வழிகாட்டியாக அழைத்துப் போகலாம். கல்லூரியின் முகமாக அவரை நிறுத்தக் கூடாது. ஊர் முதலில் பார்ப்பது அவர் எந்தத் தெருப் பிள்ளை என்பதைத்தான். அவருடைய சாதி கல்லூரியின் சார்பு என்று படிக்கப்படும். பிரச்சினை வந்தால் நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும். வேறு ஊர் மாணவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள், ஆசிரியர் கட்டாயம் கூடப் போங்கள்.

ஊருக்குள் யார் யாரைப் பார்ப்பது

தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். நீங்கள் ஒன்றோடு நன்றாகப் பழகினால் போதும்.

வழக்கமாக எல்லோரும் நேராக ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போகிறார்கள். மரியாதைக்கு அவரைப் பார்க்கத்தான் வேண்டும். பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத ஊராட்சிகளில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஆனால் தினசரி வேலை நடப்பது வேறு சிலர் கையில். ஊராட்சிச் செயலர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமை ஆசிரியர், மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புப் பொறுப்பாளர்கள், தண்ணீர்த் தொட்டி இயக்குபவர். ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சுகாதார செவிலியரைச் சொல்வேன். வீடு வீடாகப் போகிறவர் அவர். எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். அதற்காக அந்த வீட்டு விவரத்தை அவரிடம் கேட்கக் கூடாது. அறிமுகம் மட்டும் கேளுங்கள்.

முதல் முறை போகும்போது பேனர், கேமரா, மாணவர் கூட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு பேர் போனால் போதும். முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அம்மா. நான் அரசு கலைக் கல்லூரி வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியர். உங்கள் எண்ணைத் தலைமை ஆசிரியர் கொடுத்தார். உங்கள் ஊர்க் குடிநீரைப் பரிசோதித்துத் தரும் வசதி எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. அது ஊருக்குப் பயன்படுமா என்று கேட்க வேண்டும். வியாழன் அல்லது வெள்ளி மாலை உங்களுக்கு எப்போது வசதி? பத்து நிமிடம் போதும்."

யார், எண் எப்படிக் கிடைத்தது, எதற்கு, எவ்வளவு நேரம். நாலும் அதில் இருக்கிறது. 'ஒரு முக்கியமான விஷயம் பேசணும்' என்று மட்டும் அனுப்பினால் கடன் வசூலோ என்று எதிரில் இருப்பவர் பயப்படுவார். பேசி முடித்த அன்றிரவே நன்றி சொல்லி, என்ன முடிவானது என்பதையும் அதே செய்தியில் எழுதி அனுப்புங்கள். கருத்தரங்கில் சந்தித்தவரானாலும், ஆட்சியர் அலுவலகத்தில் பார்த்தவரானாலும் இதே பழக்கம்தான். தொடர்புத் திறன் என்று பயிற்சி வகுப்பில் சொல்வதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

இனி எல்லோருக்கும் தெரிந்தும் அறிக்கையில் எழுதாத விஷயம். பல ஊர்களில் ஊர் வேறு, காலனி வேறு. ஒரு பக்கம் மட்டும் போய்விட்டு 'கிராமத்தைச் சந்தித்தோம்' என்று எழுதினால் அது பாதி ஊர். முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமும் போய்விடுங்கள். தாமதமானால் ஏன் வரவில்லை என்பதற்கு ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். கூட்டம் எங்கே என்பதும் முக்கியம். கோயில் மண்டபமோ ஒருவருடைய வீட்டுத் திண்ணையோ சிலருக்கு வர முடியாத இடம். பள்ளிக்கூடம், நூலகம், ஊராட்சி சேவை மையம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டீ யார் வீட்டில் குடிக்கிறீர்கள் என்பதையும் ஊர் கவனிக்கும். இரண்டு பக்கமும் குடியுங்கள்.

எப்படிக் கேட்பது

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். ரோடு, பஸ், சாக்கடை, பட்டா என்று பட்டியல் வரும். நியாயமான பட்டியல்தான், ஆனால் அதில் எதையும் கல்லூரியால் செய்ய முடியாது. எழுதிக்கொண்டு போய்விட்டு வராமல் இருந்தால், ஏற்கெனவே வந்துபோனவர்கள் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். நாலு காலேஜ் வந்து கணக்கெடுத்துவிட்டுப் போன ஊரில் ஐந்தாவது கேள்வித்தாளோடு போய் நிற்காதீர்கள். பழைய கணக்கெடுப்பு உங்கள் கல்லூரியிலேயே கிடக்கலாம். அதைத் தூசு தட்டி எடுத்து, சுருக்கி, ஊராட்சியிடம் கொடுப்பதே நல்ல முதல் வேலை.

மாறாக, உங்கள் துறையால் முடிந்த இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லி, இதில் எது பயன்படும் என்று கேளுங்கள். வணிகவியல் துறையால் மகளிர் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்க்கப் பழக்க முடியும். கணினித் துறை, கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களில் மாணவர்களுக்கு உதவலாம். தமிழ், வரலாற்றுத் துறைகள் ஊரின் வாய்மொழி வழக்காறுகளைப் பதிவு செய்யலாம். ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. பொருளியல், புள்ளியியல் துறைகள் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்குத் தரவு தயாரித்துக் கொடுக்கலாம். அந்தத் திட்டப் பேச்சு அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டிச் சூடுபிடிக்கும். உங்கள் தரவு செப்டம்பரில் தயாராக இருந்தால்தான் பயன். நவம்பரில் கொண்டுபோனால் அது வெறும் ஆய்வறிக்கை.

கிராம சபை என்றதும் இன்னொன்று. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏதாவது ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால், ஒரு செமஸ்டர் முழுக்கப் பேட்டி எடுத்தாலும் கிடைக்காதது கிடைக்கும். பேசப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.

இந்த வேலையை எவ்வளவு ஆழமாகச் செய்யலாம் என்று பார்க்க விரும்பினால் சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பழகுவது பாடத்திட்டத்தின் பகுதி. வேளாண் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களின் ஊரக வேளாண் பணி அனுபவமும் அப்படித்தான். நம் கலைக் கல்லூரிகளில் அவ்வளவு நாள் ஒதுக்க முடியாது. ஆனால் சமூக ஈடுபாட்டுக்கென்று 2 கிரெடிட் பாடம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைத்திருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் உங்களுக்கு இடம் கிடைக்கும்போது அதைக் கேளுங்கள். கிரெடிட் இருந்தால் மாணவர் ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு சின்ன வேலை, முழுசாக

வேதியியல் துறையின் குடிநீர்ப் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். சின்ன வேலைதான், ஆனால் கூட்டாளிகள் எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள்.

ஊராட்சிச் செயலரோடு உட்கார்ந்து நீராதாரங்களைப் பட்டியலிடுங்கள்: மேல்நிலைத் தொட்டி, கைபம்பு, தனியார் போர்வெல், பள்ளிக்கூடக் குழாய். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களையே குழுத் தலைவர்களாக வையுங்கள். மாணவர்கள் அவர்களுக்கு உதவியாளர்கள். இதனால் ஊர் தன் வேலையாக அதைப் பார்க்கும், மாணவரும் ஒரு அக்காவிடம் கற்றுக்கொள்வார்.

மாதிரி எடுக்கும்போது கைபம்பைச் சில நிமிடம் அடித்துவிட்டு, அதே நீரில் பாட்டிலைக் கழுவி, பிறகு நிரப்ப வேண்டும். இடம், தேதி, நேரம் அங்கேயே எழுத வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு என்றால் கிருமி நீக்கிய தனி பாட்டில், ஐஸ் பெட்டி, ஒரு நாளுக்குள் ஆய்வகம். இந்திய தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். ஃபுளோரைடு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த எண்ணுக்கு இருக்கும் கனம் தெரிந்ததுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்தது.

முடிவுகள் வந்ததும் ஊருக்குச் சொல்லும் விதத்தை நான் பரிசோதனையைவிட முக்கியமாக நினைக்கிறேன். யாருடைய போர்வெல்லோ அவருக்குத் தனியாக ஒரு சீட்டு, தமிழில், மூன்றே வரி. குடிக்கலாமா, சமைக்கலாமா, வேறு எங்கே பிடிக்கலாம். ஃபுளோரைடு அதிகமான நீரைக் கொதிக்க வைத்தால் சரியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும் என்பதையும் சொல்லுங்கள். பலர் காய்ச்சினால் போதும் என்று நினைக்கிறார்கள். பொது ஆதாரம் ஒன்றில் கோளாறு என்றால் முதலில் ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் சொல்லி, அவர்களும் ஒருமுறை பரிசோதிக்கட்டும். அதற்கு முன் வாட்ஸ்அப் குழுவிலோ நிருபரிடமோ போட்டுவிட்டால் நீங்கள் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அந்த அலுவலகம் அடுத்த முறை உங்கள் தொலைபேசியை எடுக்காது. அதே சமயம் அவர்கள் பதிலே சொல்லாமல் இழுத்தால், எழுத்தில் நினைவூட்டி, கிராம சபையில் ஊராட்சியே அதை எழுப்பும்படி தரவைக் கொடுங்கள். மறைத்துவைப்பது கூட்டாளித்தனம் ஆகாது.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். எடுத்த இடம் பதிவான ஜியோ-டேக் படம் ஐக்யூஏசிக்கு வேண்டும்தான். பாட்டிலைப் பிடித்திருக்கும் கை தெரிந்தால் போதும், பாட்டியின் முகம் வேண்டியதில்லை.

காலம் பார்ப்பது

செமஸ்டர் ஒரு கணக்கு, ஊர் வேறு கணக்கு. டெல்டாவில் சம்பா நடவின்போதும் தை அறுவடையின்போதும் பகலில் ஆள் இருக்காது. நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் பெண்களைக் காலையில் பார்க்க முடியாது. மாலை ஐந்துக்கு மேல், மகளிர் குழு கூடும் நாளில் போங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் நன்னடத்தை விதிகள் வந்துவிடும். யாரையும் தலைமை தாங்க அழைக்கும் நிகழ்ச்சியைத் தள்ளிவையுங்கள். முகாமில் மாணவிகள் தங்குவதானால் கழிப்பறையும் உடன் தங்கும் பெண் ஆசிரியரும் உறுதியான பிறகே தேதி குறியுங்கள்.

பணம் பற்றிக் கொஞ்சம்

கையில் ரொக்கம் வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும். பொருளாக வரட்டும், ரசீதோடு, கல்லூரி இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும். பக்கத்தில் பெரிய நிறுவனம் இருந்தால் சிஎஸ்ஆர் எனும் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. முடித்த வேலையின் இரண்டு பக்க அறிக்கையோடு போனால் பேச்சு நீளும். வெறும் திட்ட முன்மொழிவு அவர்கள் மேசையில் ஏற்கெனவே அடுக்கடுக்காக இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் என்றால் அலுவலகத்தைக் கேட்காமல் வாய்கொடுக்காதீர்கள். அதற்குத் தனிச் சட்டம் உண்டு.

இப்போது தாள்

ஒரு வேலை முடிந்து, இரண்டு தரப்புக்கும் இன்னொன்று செய்யலாம் என்று தோன்றினால் எம்ஓயூ போடுங்கள். தமிழில் போடுங்கள், ஊர்க்காரர் படிக்க வேண்டும். ஒன்றரைப் பக்கம் போதும். கல்லூரி என்ன செய்யும், ஊராட்சியோ அமைப்போ என்ன செய்யும், ஒவ்வொரு தரப்பிலும் பேச வேண்டிய ஆளின் பதவி, எத்தனை ஆண்டு, தரவும் படங்களும் யாருக்குச் சொந்தம், முடிவை எத்தனை நாளுக்குள் ஊருக்குச் சொல்வோம், வேண்டாம் என்றால் எப்படி விலகுவது. 'இரு தரப்பும் அனைத்து வகையிலும் ஒத்துழைக்கும்' என்ற வரியை அடித்துவிடுங்கள். அதை வைத்து யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. ஆட்பெயருக்குப் பதில் பதவியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசுக் கல்லூரியில் எல்லோருக்கும் மாறுதல் வரும்.

அதற்காகவே ஒரு நீள நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரைப் பார்த்தோம், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள், நாம் என்ன சொன்னோம், எது பாக்கி. கணினியிலும் வைக்கலாம், ஆனால் உங்கள் சொந்த மின்னஞ்சலில் அல்ல, துறையின் பொதுக் கணக்கில். மாறுதல் உத்தரவு வந்ததும் உங்கள் இடத்துக்கு வருபவரை, அல்லது துறையில் இருப்பவர் ஒருவரை, ஊருக்கு ஒருமுறை நேரில் அழைத்துப் போங்கள். செவிலியர், செயலர், மகளிர் குழுப் பொறுப்பாளர், தலைமை ஆசிரியர் என்று வரிசையாக அறிமுகம் செய்துவையுங்கள். பாக்கிப் பட்டியலை அவர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டி, நோட்டை அங்கேயே கை மாற்றுங்கள்.